முதலில் குளிர வையுங்கள், வண்டியில் ஏற்றுவது அப்புறம்

பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் எட்டாவது கிலோமீட்டர். ஓர் இளைஞர் நேராக ஓடாமல் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலைகிறார். பனியன் உடம்போடு ஒட்டியிருக்கிறது, வியர்வை கொட்டுகிறது. "என்ன தம்பி, முடியலையா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லண்ணே, முடிச்சிருவேன்" என்கிறார். பார்வை மட்டும் கேட்டவர்மேல் இல்லை. இன்னும் ஐம்பதடி போய் விழுகிறார். தூக்கப் போனவரை நெட்டித் தள்ளுகிறார், வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். கூட்டம் கூடிவிடுகிறது. ஒருவர் சோடா வாங்க ஓடுகிறார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். ஒருவர் 108-க்கு அழைக்கிறார். இத்தனையிலும் உருப்படியான காரியம் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். அதுவும் பாதிக் காரியம்தான்.

அந்த இளைஞருக்கு வந்திருப்பது ஹீட் ஸ்ட்ரோக். அவர் உடம்பின் உள்வெப்பம் அப்போது 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். அவர் பிழைப்பாரா, பிழைத்தால் பழையபடி நடமாடுவாரா என்பதை முடிவு செய்வது வெப்பம் எவ்வளவு உயரம் ஏறியது என்பதைவிட, 40.5-க்கு மேல் எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான். விழுந்ததிலிருந்து அரை மணிக்குள் அதை இறக்கிவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள். தாமதம் கூடக் கூட, குடலின் உள்சுவர் கசிந்து அங்குள்ள நச்சு ரத்தத்தில் கலக்கிறது, தசை சிதைகிறது, ரத்தம் உறையும் முறை கெடுகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் அடிவாங்குகின்றன. ஆம்புலன்ஸ் வர பதினைந்து நிமிடம், நெரிசலில் மருத்துவமனை போய்ச்சேர இருபது நிமிடம், அங்கே ஸ்ட்ரெச்சர் கிடைத்து டாக்டர் பார்க்கப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அந்த அரை மணி சாலையிலேயே தீர்ந்துவிடும். ஆகவே குளிர வைக்கும் வேலை விழுந்த இடத்திலேயே, வண்டி வருமுன்பே நடந்தாக வேண்டும். விளையாட்டு மருத்துவத்தில் இதை இப்போது யாரும் மறுப்பதில்லை. நம் ஊர் ஓட்டப் போட்டிகளில்தான் இது இன்னும் வந்து சேரவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹீட் ஸ்ட்ரோக் என்பதைச் சில செய்திகளில் 'வெப்பப் பக்கவாதம்' என்று எழுதிவிடுகிறார்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. வெயிலில் கிடக்கும் முதியவருக்கு வருவதும் ஓடுகிறவருக்கு வருவதும்கூட ஒன்றல்ல. முதியவருக்குப் பெரும்பாலும் தோல் வறண்டிருக்கும். ஓடுகிறவருக்கு வியர்வை ஊற்றிக்கொண்டிருக்கும். "வியர்க்குதே, அப்ப ஹீட் ஸ்ட்ரோக் இல்ல" என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார வைப்பது இந்த வேறுபாடு தெரியாததால் நடக்கும் தவறு.

விழுந்த இடத்திலேயே குளிர வைத்தால் பிழைப்பார்கள் என்பது உறுதியாகத் தெரிந்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள ஃபால்மத். அங்கே ஆகஸ்ட் மாதத்தில் 7 மைல், அதாவது 11.3 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. அதன் மருத்துவக் கூடாரத்தில் 18 ஆண்டுகள் சேர்த்த பதிவுகள் 2015-ல் வெளியாயின. மொத்தம் 274 ஹீட் ஸ்ட்ரோக். கூடாரத்துக்கு வரும்போது சராசரி உள்வெப்பம் 41.4 டிகிரி. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தியதில் நிமிடத்துக்கு 0.22 டிகிரி இறங்கியது. 274 பேரும் பிழைத்தார்கள். பெரும்பாலோர் கூடாரத்திலிருந்தே வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பதிவில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. ஓடி முடித்த ஆயிரம் பேருக்குச் சுமார் இரண்டு பேர் என்ற கணக்கில் ஹீட் ஸ்ட்ரோக் வந்திருக்கிறது. மராத்தான் அல்ல, வெறும் 11 கிலோமீட்டர்.

தூரம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி போகிறது. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு 840 கிலோகலோரி செலவாகும். அதில் முக்கால் பங்கு, 630 கிலோகலோரி, வெறும் வெப்பம். அவர் உடம்பை ஒரு டிகிரி சூடாக்க 58 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். வேகம் கூடினால் இன்னும் சீக்கிரம். மராத்தான்காரர் நிதானமாக ஓடுகிறார், வெப்பமும் நிதானமாகச் சேர்கிறது. பத்து கிலோமீட்டர்க்காரர் முழு மூச்சில் ஓடுகிறார், கடைசி இரண்டு கிலோமீட்டரில் இன்னும் விரட்டுகிறார். விழுவது அங்கேதான். கூடாரத்தை முடிவுக்கோட்டில் மட்டும் போடாமல், கடைசி இரண்டு கிலோமீட்டருக்குள் இன்னொன்று போடச் சொல்வது இதனால்தான்.

வெப்பத்தை வெளியேற்றுவது வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் 580 கிலோகலோரி போகும். தரையில் சொட்டும் வியர்வையால் ஒரு பலனும் இல்லை, உடம்பின் நீர்தான் வீண். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சூரியன் இல்லாதது லாபம். காற்றில் ஈரம் நிறைந்திருப்பது நஷ்டம். போட்டி நடத்துகிறவர்கள் செல்போனில் வெப்பநிலையை மட்டும் பார்த்து "29 டிகிரிதான், பரவாயில்லை" என்று சொல்வது போதாது. விளையாட்டில் பயன்படும் வெப்பக் குறியீட்டில் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதற்கு, 70 சதவீதம், கறுப்புக் கோளம் காட்டும் வெயில் சூட்டுக்கு 20 சதவீதம், நிழல் வெப்பநிலைக்குப் பத்தே சதவீதம் எடை. செல்போன் காட்டுவது அந்தப் பத்து சதவீதத்தை. ஈரக்குமிழ்–உலர்குமிழ் வெப்பமானி பள்ளி ஆய்வகத்தில்கூட இருக்கும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து அதே நேரத்தில், அதே சாலையில் தினமும் பார்த்து எழுதி வைத்தால் போதும்.

விழுந்தவருக்கு எது வந்திருக்கிறது என்று பிரித்தறிவதில்தான் முதல் நிமிடம் போகிறது. முதலில் பார்க்க வேண்டியது மூச்சு. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது மீன் வாய் திறப்பதுபோல எப்போதாவது ஒன்று வருகிறது என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மார்பின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்கி, இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் ஷாக் கருவியைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். மூச்சு இருக்கிறது, முடிவுக்கோட்டைத் தாண்டி நின்றபின் கண் இருட்டிச் சரிந்தார், படுக்க வைத்துக் காலைத் தூக்கியதும் தெளிவாகப் பேசுகிறார் என்றால் பெரும்பாலும் பயமில்லை. ஓடும்போது காலின் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன, சட்டென்று நின்றதும் ரத்தம் காலிலேயே தங்கிவிட்டது. ஓட்டம் முடியுமுன்பே விழுந்தவரும், படுக்க வைத்தபின்னும் பேச்சு சீர்படாதவரும்தான் கவலைக்குரியவர்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க அரை நிமிடம் போதும், பார்த்துவிட வேண்டும்.

குழப்பம், எரிச்சல், சம்பந்தமில்லாத பேச்சு, தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவை மூளை சூடேறிய அடையாளங்கள். ஒரு பொறி இங்கே இருக்கிறது. சிலர் விழுந்து எழுந்து பேர், ஊர் எல்லாம் சரியாகச் சொல்வார்கள், ஐந்து நிமிடம் கழித்து நினைவிழப்பார்கள். ஆகவே "நல்லாத்தான் பேசுறாரு" என்று அனுப்பிவிடாமல், அவரிடம் கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி கேட்க வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லலாம். கூட வந்தவரிடம் "இவர் எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?" என்று கேட்பது அதைவிட நம்பகமானது.

இனி வெப்பம் பார்ப்பது. நேராகச் சொல்லிவிடுவோம். ஓடி விழுந்தவருக்கு அக்குள், வாய், காது, நெற்றி ஆகிய எந்த இடத்திலும் பார்க்கும் அளவு பயன்படாது. கொரோனா காலத்தில் வாங்கிய துப்பாக்கி மாதிரித் தெர்மாமீட்டர் வியர்த்த நெற்றியில் 37 காட்டும், உள்ளே 41.5 இருக்கும். அந்த 37-ஐ நம்பி ஆளை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். நம்பத்தக்கது ஆசனவாய் வழியாகப் பார்க்கும் அளவு மட்டுமே. அதற்கு வளையும் புரோப், அதாவது முனையில் வெப்பத்தை உணரும் ஒயர், வேண்டும், மருத்துவமனை மானிட்டர்களோடு பயன்படுத்துவதுபோல. முனையில் ஜெல் தடவி 15 சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி, ஒயரைத் தொடையில் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டால் தொட்டியில் இருக்கும்போதும் அளவு தெரிந்துகொண்டே இருக்கும். 15 சென்டிமீட்டர் இடத்தில் முன்கூட்டியே ஒரு துண்டு டேப் சுற்றி வைத்துவிட வேண்டும், அவசரத்தில் அளந்துகொண்டிருக்க முடியாது.

இதைச் சொன்னதும் அமைப்பாளர்கள் தயங்குகிறார்கள், தன்னார்வலர்கள் கூச்சப்படுகிறார்கள். புரிகிறது. இதற்கு வழி, கூடாரத்துக்குள் நாலு பக்கமும் மறைக்கிற திரை, மேலே போர்த்த ஒரு பெட்ஷீட், பெண்களுக்குப் பெண் டாக்டரோ நர்ஸோ, பதிவுப் படிவத்திலேயே இதைத் தமிழில் தெளிவாக எழுதிச் சம்மதம் வாங்குவது. பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் நாம் இந்தக் கூச்சத்தைத் தாண்டித்தான் போகிறோம். புரோப்போ, போடத் தெரிந்த ஆளோ இல்லையென்றால், அதற்காகக் குளிர வைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஓடி விழுந்தார், மூளைக் குழப்பம் இருக்கிறது, வேறு காரணம் தெரியவில்லை என்றால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொண்டு தொட்டியில் இறக்கலாம்.

தொட்டி வாங்கப் பெரிய செலவில்லை. கட்டட வேலையில் தண்ணீர் பிடித்து வைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி போதும். 300 லிட்டர் கொள்ளளவு, உயரம் இரண்டடிக்கு மேல் வேண்டாம், உயரம் கூடினால் ஆளைத் தூக்கி உள்ளே வைப்பது சிரமம். அதில் பாதி, 150 லிட்டர், தண்ணீர். விளிம்புவரை நிரப்பினால், 70 கிலோ ஆள் இறங்கியதும் கிட்டத்தட்ட 70 லிட்டர் ஐஸ் தண்ணீர் வெளியே கொட்டும், கூடாரம் சேறாகும், நிற்பவர்கள் வழுக்குவார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். உலக அளவிலான முதலுதவி வழிகாட்டுதல் 1 முதல் 26 டிகிரி வரையுள்ள தண்ணீரைச் சொல்கிறது. நம் ஊரில் ஏப்ரல், மே மாதம் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி தாண்டும், மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கை வைக்க முடியாத சூடு. குளிர்நாட்டில் எழுதிய 'குழாயைத் திறந்துவிடுங்கள்' என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆளை வெந்நீரில் போட்டதாகிவிடும். சம்ப் தண்ணீர் அல்லது போர் தண்ணீர் பிடித்து, ஐஸ் சேர்த்தே ஆக வேண்டும். எவ்வளவு ஐஸ்? 150 லிட்டரை 30-லிருந்து 10 டிகிரிக்கு இறக்க 3,000 கிலோகலோரி எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகிப் பத்து டிகிரி ஆகும்போது 90 கிலோகலோரி உறிஞ்சும். ஆக 33 கிலோ. இறங்கும் ஆளின் சூட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் சேர்த்து, ஒரு தொட்டிக்கு 50 கிலோ என்று வைத்துக்கொள்வது பத்திரம். மீன் வண்டிக்குப் போடுகிற நொறுக்கிய ஐஸ் போதும், குடிக்கிற தரம் தேவையில்லை. பாராக வாங்கினால் முந்தின இரவே உடைத்து, சாக்கில் கட்டித் தெர்மாகோல் பெட்டியில் வைக்க வேண்டும். ஆள் விழுந்தபின் சுத்தியல் தேடுவது அடிக்கடி நடக்கிற தவறு. அந்த ஐஸ் பெட்டியில் 'குடிக்க அல்ல' என்று பெரிதாக எழுதுங்கள், யாராவது ரோஸ்மில்க்கில் போட்டுவிடுவார்கள்.

ஃபால்மத் கணக்கை வைத்துப் பார்த்தால், 2,000 பேர் ஓடும் பத்து கிலோமீட்டருக்கு நாலு பேர் வரக்கூடும். ஒருவருக்குப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும் என்பதால் இரண்டு தொட்டியாவது வேண்டும். முதல் ஆள் ஓடி முடிக்கக் கால் மணி இருக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு ஐஸைக் கொட்டிவிட்டு, மீதியைப் பக்கத்தில் வைத்திருக்கலாம்.

இறக்கும் முறையில்தான் உயிர் இருக்கிறது. ஷூ, உடை கழற்ற நேரம் செலவிட வேண்டாம். ஐந்து பேர் வேண்டும், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர், தலைமாட்டில் ஒருவர். தலைமாட்டுக்காரர் ஒரு பெட்ஷீட்டை நீளவாக்கில் மடித்து, விழுந்தவரின் மார்புக்குக் குறுக்கே, இரண்டு அக்குளுக்கும் அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் அவர் தலைக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார். ஆள் எவ்வளவு கனமாக இருந்தாலும், எவ்வளவு திமிறினாலும், நினைவே இல்லாவிட்டாலும் அந்த ஒரு துணி அவர் முகம் தண்ணீருக்குள் போகாமல் தாங்கும். தலைமாட்டுக்காரருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது. முகத்தைப் பார்ப்பதும், மூச்சைப் பார்ப்பதும், வாந்தி வந்தால் தலையைச் சாய்ப்பதும், "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்ப்பா, இதோ ஆச்சு" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் அவர் பொறுப்பு.

இந்தத் துணியைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. 2018 மே 29 அன்று அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது அமெரிக்கக் கால்பந்து வீரர் பயிற்சி ஓட்டத்தில் தளர்ந்தார். அவசர எண்ணுக்கு அழைக்கவே சுமார் ஒரு மணி நேரம் ஆனது. ஐஸ் தொட்டியில் அவரை இறக்கவில்லை. பெரிய உடம்புக்காரர், தொட்டியில் மூழ்கிவிடுவாரோ என்ற பயம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது என்று பின்னர் நடந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. ஜூன் 13-ல் அவர் இறந்தார். பல்கலைக்கழகம் தன் பொறுப்பை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்தப் பயம் நியாயமற்றதல்ல, யாருக்கும் வரக்கூடியதுதான். அதற்கு விடை ஒரு பெட்ஷீட்டும் ஒரு வாரம் முன்பு நடத்தும் ஒத்திகையும். நல்ல கனமான ஒரு தன்னார்வலரைச் சாதாரணத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் மூன்று முறை தூக்கி இறக்கிப் பார்த்தால் பயம் போய்விடும், யார் எங்கே நிற்பது என்பதும் படிந்துவிடும்.

உள்ளே இறக்கியபின் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்காவிட்டால் தோலை ஒட்டிய தண்ணீர் வெதுவெதுப்பாகி ஒரு போர்வைபோல நின்றுவிடும், பக்கத்தில் ஐஸ் மிதந்தாலும் பலன் குறையும். தலைக்கு ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நடுங்க ஆரம்பித்தால் எடுத்துவிடக் கூடாது. குளிர்ந்த நீர் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வெப்பத்தை உள்ளேயே பூட்டிவிடும் என்று பலகாலம் பாடப் புத்தகங்களில் இருந்தது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் 2 டிகிரித் தண்ணீர் நிமிடத்துக்கு 0.35 டிகிரி இறக்கியது, 8, 14, 20 டிகிரித் தண்ணீர் ஏறக்குறைய அதில் பாதி வேகத்தில் இறக்கியது. மிகக் குளிர்ந்த நீர்தான் மிக வேகம். அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் பை வைப்பது நிமிடத்துக்கு 0.03 டிகிரி அளவே இறக்கும். மூன்று டிகிரி இறக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதை நம்பி உட்காரக் கூடாது.

38.9 டிகிரி வந்ததும் வெளியே எடுக்க வேண்டும். எடுத்தபின்னும் கொஞ்சம் இறங்கும் என்பதால் 37 வரை காத்திருந்தால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். புரோப் இல்லாமல் செய்தால் பத்திலிருந்து பதினைந்து நிமிடம். நிமிடத்துக்கு 0.2 என்றால் பதினைந்து நிமிடத்தில் மூன்று டிகிரி, 41.5-ல் இருந்தவர் 38.5-க்கு வந்திருப்பார்.

தொட்டி கொண்டுபோக முடியாத இடம் என்றால் தார்ப்பாய். எட்டுக்குப் பத்தடி. கிழியாத ஃபிளெக்ஸ் பேனரும் ஆகும். ஆளை நடுவில் படுக்க வைத்துச் சுற்றி ஆறேழு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. ஏழெட்டு 20 லிட்டர் கேன் தண்ணீரும் ஐஸும் ஊற்றி, ஓரங்களை மாறி மாறித் தூக்கித் தண்ணீரை உடம்பின் மேல் அலையவிட வேண்டும். சோதனைகளில் இது நிமிடத்துக்குச் சுமார் 0.14 டிகிரி இறக்கியது. தொட்டிக்குச் சமமில்லை, உயிர் காக்கப் போதும். அதுவும் இல்லையென்றால் ஐஸ் வாளியில் ஊறும் பத்துப் பன்னிரண்டு துண்டுகள், உடம்பு முழுதும் போர்த்தி இரண்டு நிமிடத்துக்கொரு முறை மாற்றினால் 0.11. வண்டிக்குள்ளும் இதைத் தொடரலாம்.

ஆம்புலன்ஸ் ஊழியர்களோடு முன்கூட்டியே பேசிவிட வேண்டும். வந்ததும் ஏற்றிக்கொண்டு கிளம்புவதுதான் அவர்கள் பழகிய வழக்கம். அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது, மற்ற எல்லா நோய்க்கும் அதுதான் சரி. தொட்டியில் இருக்கும் ஆளைப் பாதியில் எடுத்துக் கொடுத்தால் செய்ததெல்லாம் வீண். ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு டோக்கியோ போட்டிகளுக்காக எழுதிய வழிமுறையும், அமெரிக்க விளையாட்டு மருத்துவ வல்லுநர் அமைப்பின் (ACSM) 2021 ஒருமித்த கருத்தும் முதலில் குளிர வைத்தபின்தான் கொண்டுபோகச் சொல்கின்றன. இதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, பொறுப்பு டாக்டரின் கையெழுத்தோடு வண்டிக்காரரிடம் காலையிலேயே கொடுத்துவிட்டால் வாக்குவாதம் வராது.

பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, மருந்து அதைத் தாழ்த்துகிறது. இங்கே மூளை எதையும் உயர்த்தவில்லை, சூடு தானாகக் குவிந்தது, மருந்துக்கு வேலையே இல்லை, கல்லீரலுக்குத்தான் சுமை. நினைவு தெளியாதவர் வாயில் சோடாவோ இளநீரோ ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். டிரிப் போட ஊசி தேடி ஐந்து நிமிடம் போக்குவதும் வேண்டாம், அது தொட்டிக்குப் பிந்தின வேலை.

மருத்துவமனைக்கு அனுப்பும்போது கையில் ஒரு அட்டை கட்டி அனுப்புங்கள். விழுந்த நேரம், முதல் உள்வெப்பம், தொட்டியில் இறக்கிய நேரம், எடுத்த நேரம், எடுத்தபோது இருந்த வெப்பம். இது இல்லாவிட்டால், அங்கே 38 டிகிரியோடு வரும் ஆளைப் பார்த்துச் சாதாரண மயக்கம் என்று இரண்டு மணி நேரத்தில் அனுப்பிவிடக் கூடும். கல்லீரல் நொதிகளும் தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே.யும் உச்சம் தொடுவது ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள். முதல் நாள் ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தள்ளிப்போடாமல் திரும்பப் போக வேண்டும்.

தண்ணீர் நிறையக் குடித்தால் ஹீட் ஸ்ட்ரோக் வராது என்பது பாதி உண்மை. உடம்பில் நீர் குறைந்தால் சூடு சீக்கிரம் ஏறும், சரி. ஆனால் நன்றாகக் குடித்தவரும் வேகத்தால் விழுகிறார். அளவுக்கு மீறிக் குடிப்பதில் வேறோர் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது, மூன்று பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவு. பாதையில் கொடுத்த இடத்திலெல்லாம் குடித்து, ஓடி முடித்தபின் எடை கூடியிருப்பவர், மோதிரம் இறுகியவர், தலைவலியும் வாந்தியுமாக வருபவர் என்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். இவருக்குச் சாதாரண டிரிப் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். டாக்டர் 3 சதவீத உப்புக் கரைசல் 100 மில்லி கொடுப்பார். உங்களுக்கு எவ்வளவு தேவை என்று அறிய, பயிற்சி நாளில் குளியலறைத் தராசில் ஓடுமுன் ஒருமுறை, ஒரு மணி நேரம் ஓடித் துடைத்தபின் ஒருமுறை நில்லுங்கள். குறைந்த எடையோடு குடித்ததைக் கூட்டினால் ஒரு மணி நேர வியர்வை தெரியும். அந்த அளவைத் தாண்டிக் குடிக்க ஒருபோதும் காரணமில்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, அதனால் வியர்வையில் போன உப்புக்கு அது ஈடல்ல. உப்புப் போட்ட மோர் மேல்.

வெயிலுக்கு உடம்பைப் பழக்குவதுதான் உண்மையான காப்பு. பத்திலிருந்து பதினாலு நாள், தினமும் போட்டி நடக்கும் நேரத்துச் சூட்டில் 60 முதல் 90 நிமிடம். முதல் மூன்று நாள் அரை மணி மெதுவோட்டத்தில் தொடங்கலாம். ஒரு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், நாடி குறையும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். விட்டுவிட்டால் நாளொன்றுக்கு இரண்டரை சதவீதம் வீதம் அந்தப் பழக்கம் தேய்கிறது. ஊட்டியிலும் பெங்களூரிலும் ஓடிப் பழகிச் சென்னைக்கு முந்தின நாள் வந்து இறங்குபவர்களும், ஏ.சி. ஜிம்மில் டிரெட்மில்லில் மட்டும் தயாரானவர்களும் கூடாரத்துக்குப் பழக்கமான முகங்கள். உலகத் தரத்து வீராங்கனைகளுக்கே இது எளிதல்ல. 2019 தோஹா உலகப் போட்டியில் பெண்கள் மராத்தானை இரவு 11.59-க்குத் தொடங்கியும் 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு விட்டு ஒரு வாரம் ஆகாதவர், முந்தின இரவு தூங்காதவர், சளி மாத்திரை போட்டவர், ஓடுமுன் ஊக்கப் பொடி குடித்தவர், முன்பே ஒருமுறை ஹீட் ஸ்ட்ரோக் வந்தவர் ஆகியோர் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது அன்று ஓடக்கூடாது. இதைக் கேட்கவே முடியாத நிலையில் இருப்பவர்கள் வேலைக்காக ஓடுகிறவர்கள். 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் ஜார்கண்டில் கலால் காவலர் தேர்வின் 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் பத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். எல்லா மரணத்துக்கும் ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு வேலைக்காக உயிரைக் கொடுத்து ஓடுகிறவன் தானாக நிற்க மாட்டான் என்று தெரிந்துதான் மைதானத்தில் தொட்டி வைக்க வேண்டும். நம் நீலகிரிப் பழங்குடி இளைஞர்களுக்கு இன்னொரு கவனம். அங்கே, ரத்தச் சிவப்பணுவை அரிவாள் வடிவில் வளைக்கும் அரிவாள் செல் மரபணு பரவலாக இருப்பது 1952-லேயே பதிவானது. அந்த மரபணு ஒன்றே ஒன்று உள்ளவருக்கும், வேக ஓட்டத்தின் முதல் சில நிமிடங்களிலேயே கால் வலுவிழந்து விழுவது நடக்கலாம். நினைவு இருக்கும், பேசுவார், உடம்பு அவ்வளவு சுடாது. தசைப்பிடிப்பு என்று நினைத்து "எழுந்து ஓடு" என்று விரட்டினால் உயிர் போகும். உடனே நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, தசைச் சிதைவுக்குச் சிகிச்சை தரக்கூடிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பிழைத்து வந்தவர் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப ஓடலாம்?" குறைந்தது ஏழு நாள் எந்தப் பயிற்சியும் கிடையாது. ஒரு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை, எல்லா அளவும் சீரானபின் குளிர்ந்த வேளையில் நடையில் தொடங்கி மெல்ல மெல்ல ஓட்டம், பிறகு இரண்டு முதல் நான்கு வாரம் வெயிலுக்குப் பழக்கம், அதன்பின்தான் போட்டி. நான்கைந்து வாரம் ஆகியும் சூட்டில் தலை கிறுகிறுத்தால் இஸ்ரேல் ராணுவ மருத்துவர்கள் வகுத்த சோதனை இருக்கிறது. 40 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில், 2 சதவீதச் சரிவு வைத்த டிரெட்மில்லில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். உள்வெப்பம் 38.5-ஐத் தாண்டாமல், நாடி 150-ஐத் தாண்டாமல் இருந்தால் தேறிவிட்டார். அப்படி ஓர் அறை கிடைக்காதவர்கள் திரும்ப ஓடும் முதல் மாதம் முழுதும் தனியாகப் போகக் கூடாது. பக்கத்தில் ஓடுபவருக்கு நடந்ததெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், பேச்சு குழறினால் கையைப் பிடித்து நிறுத்தும் உரிமையும் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.